சொல்லாத மாதங்களின் வெயில்

1. மே மாதக் கடைசியில் நான் கர்ப்பமாக இருப்பது தெரிந்தது.
2. மூன்றாம் மாதம் முடியும்வரை வெளியே யாரிடமும் சொல்வதில்லை என்று வீட்டில் முடிவானது.
3. ஜூன் முழுக்க நான் டெல்லியின் மொட்டைமாடிகளில் வேலை பார்த்தேன்.
4. அதில் ஒரு நாள் மாடியில் மயக்கம் வருகிற நிலைக்குப் போனேன்.
5. ஜூலையில் மழை வந்தது. அதன் பிறகு அலுவலகத்தில் சொன்னேன்.
6. செப்டம்பரில், ஐந்தாம் மாத ஸ்கேனில், குழந்தையின் இதயத்தில் ஏதோ ஒன்று சரியாகத் தெரியவில்லை என்றார்கள்.

இப்படி எண் போட்டு எழுதினால் ஒவ்வொரு வரியும் அடுத்த வரிக்குக் காரணம் போலத் தெரிகிறது. நான்காவது வரியிலிருந்து ஆறாவது வரிக்கு ஒரு கோடு இழுக்க எனக்குக் கை துறுதுறுத்தது. அந்தக் கோட்டை இழுக்கலாமா என்பதுதான் அந்த வருடத்தின் மீதி மாதங்களில் என் தலைக்குள் ஓடிய கேள்வி.

பெரிய கட்டிடங்களின் குளிரூட்டும் இயந்திரங்களைப் பராமரிக்கும் ஒரு நிறுவனத்தில் நான் இன்ஜினியர். அந்த இயந்திரங்களுக்கு சில்லர் என்று பெயர். மொட்டைமாடியில் இருக்கும். கட்டிடத்துக்குள் இருக்கும் வெப்பத்தை இழுத்து வெளியே கொட்டுவது அவற்றின் வேலை. வெளியே என்றால், மாடியில் நிற்கும் எங்கள் மேல். வானிலை அறிக்கையில் வரும் எண் நிழலில் அளந்தது. பகல் ஒரு மணிக்கு, தார் பூசிய தரையில், சில்லரின் விசிறிக் காற்றுக்கு நேராக நிற்பவருக்கு அந்த எண்ணோடு பெரிய சம்பந்தம் இல்லை. ஜூன்தான் எங்கள் சீசன். எல்லா சில்லரும் ஒரே சமயத்தில் மக்கர் பண்ணுவது அந்த மாதத்தில்தான்.

நாங்கள் கிட்வாய் நகரில், என் கணவருக்குக் கிடைத்த அரசுக் குடியிருப்பில் இருக்கிறோம். விஷயம் தெரிந்த அன்று மாலையே அம்மா ஜனக்புரியிலிருந்து மெட்ரோ பிடித்து வந்துவிட்டாள். மதுரையை விட்டு வந்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. பேச்சு மட்டும் அங்கேயே இருக்கிறது.

“மூணு மாசம் போகட்டும்டி. அதுக்குள்ள வாயத் தொறந்தே, அவ்வளவுதான். கண்ணு பட்டுரும்.”

“ஆபீஸ்ல மட்டும் சொல்லிக்கிறேம்மா. மாடி வேலை இருக்கு.”

“ஆபீஸ்ல இருக்கவங்களுக்குக் கண்ணு இல்லையாக்கும்?”

என் கணவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். “மாப்ளே, இது பொம்பளைங்க சமாச்சாரம். நீங்க டீயக் குடிங்க” என்று அம்மா முடித்துவிட்டாள்.

எனக்கும் அதில் ஒரு சௌகரியம் இருந்தது. எங்கள் குழுவில் மாடி ஏறும் பெண் நான் ஒருத்திதான். அந்த வேலையைக் கேட்டு வாங்கியவள். சொன்ன நிமிடமே நாற்காலியில் உட்கார வைத்துவிடுவார்கள் என்று தெரியும். முதல் சில வாரங்களில் எதுவும் நேரலாம், நேர்ந்தால் எல்லாருக்கும் விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம் என்ற எண்ணமும் இருந்தது. அம்மா கண் திருஷ்டி என்று சொன்னதன் உள்ளேயும் அந்த பயம்தான் இருந்தது என்று நினைக்கிறேன்.

வெளியே சொல்லக்கூடாது என்பதற்கு அடுத்தபடியாக, சூட்டைத் தவிர்க்க வேண்டும் என்பது அம்மாவின் விதி. பப்பாளி சூடு. அன்னாசி சூடு. எள் சூடு. ஊரிலிருந்து வந்த எள்ளுருண்டை டப்பாவை அம்மா தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். மறுநாள் காலை தள்ளுவண்டிக்காரர் வழக்கம்போல வாசலில் நின்று நன்றாகப் பழுத்த ஒரு பப்பாளியை நீட்டினார்.

“நஹி பையா! பப்பீதா நஹி! ஆகே ஜாவோ, ஜல்தி!” பப்பாளி வேண்டாம், சீக்கிரம் நகருங்கள் என்று அம்மா பாம்பைக் கண்டதுபோலக் கத்தினாள்.

அவர் பப்பாளியைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். பின்னால் நின்ற என்னைப் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு. “அச்சா! குஷ்கபரி ஹை?” நல்ல செய்தியா என்று கேட்கிறார். அம்மா கதவைச் சாத்திவிட்டு, “இவனுக்கு எப்படிடி தெரிஞ்சது?” என்று என்னைக் கேட்டாள். அன்று மாலைக்குள் எங்கள் பிளாக்கில் பாதிப் பேருக்குத் தெரிந்துவிட்டது. தெரியாமல் இருந்தது என் அலுவலகத்துக்கு மட்டும்தான்.

ஆகவே, எள்ளைத் தொடாமல், தினமும் மாடி ஏறினேன்.

அந்த ஜூனில் லூ என்கிற அனல்காற்று விடாமல் அடித்தது. இரும்பு ஏணியைக் கையுறை இல்லாமல் தொட முடியாது. முகத்தைத் துப்பட்டாவால் சுற்றிக்கொண்டு கண் மட்டும் வெளியே தெரிய நிற்பேன். என்னோடு வரும் டெக்னீஷியன் பிஹார்க்காரர். சட்டைப் பையில் வெங்காயம் வைத்திருந்தால் லூ அண்டாது என்பது அவர் நம்பிக்கை. எனக்கும் ஒன்று கொடுத்தார். “ரக்கியே மேடம்ஜி, ஹஸியே மத்.” வைத்துக்கொள்ளுங்கள், சிரிக்காதீர்கள் என்றார். சிரிக்காமல் வாங்கி வைத்துக்கொண்டேன். வெங்காயம் வேலை செய்யும் என்று யாராவது காட்டினால் ஒத்துக்கொள்ளத் தயாராக இருந்தேன்.

ஒரு மதியம், ஓர் அலுவலகக் கட்டிடத்தின் சில்லர் திரும்பத் திரும்ப நின்றுபோனது. கொட்டிய வெப்பத்தை வாங்கிக்கொள்ள வெளிக்காற்றில் இடமில்லாதபோது அது தன்னைக் காப்பாற்றிக்கொள்ள நின்றுவிடும். நாங்கள் அதைத் திரும்ப ஓட்டுவோம், அது திரும்ப நிற்கும். இப்படியே வெகுநேரம் போனது. திடீரென்று என் கைகளில் மயிர்க்கூச்செறிந்தது. குளிர்கிறது என்று நினைத்தேன். அந்த வெயிலில் குளிர்கிறது என்று ஒருவர் நினைத்தால் ஏதோ சரியில்லை என்று அர்த்தம். அது தெரியும் எனக்கு. தெரிந்தும் அடுத்த அளவைக் குறித்துக்கொள்ளத்தான் குனிந்தேன். கண் இருட்டியது.

டெக்னீஷியன் என் தோளைப் பிடித்து லிஃப்ட் அறையின் நிழலுக்கு இழுத்துப்போனார். தலையில் தண்ணீர் ஊற்றினார். உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரைக் குடிக்க வைத்தார். கொஞ்ச நேரத்தில் சரியாகிவிட்டது. என் பையில் மூன்று வெப்பமானிகள் இருந்தன. தண்ணீருக்கு ஒன்று, காற்றுக்கு ஒன்று, குழாய்க்கு ஒன்று. மனித உடம்புக்கானது எதுவும் இல்லை. அதனால் அன்று என் உடம்பின் வெப்பம் எவ்வளவு ஏறியது, ஏறியதா இல்லையா என்பது எனக்குத் தெரியாது. இனிமேலும் தெரியப்போவதில்லை.

ஜூலையில் மழை கொட்டியது. மூன்றாம் மாதம் முடிந்தது. அலுவலகத்தில் சொன்னேன். என் மேலாளர் பதறிவிட்டார். அன்றிலிருந்தே எனக்கு மாடி கிடையாது என்றார். ஜன்னலுக்கு வெளியே நனைந்த மாடி ஒன்று தெரிந்தது. அந்த வருடத்தில் முதல் முறையாக ஒரு மாடியில் போய் நிற்கலாம் போல இருந்தது.

பிறகு செப்டம்பர் ஸ்கேன். அந்த டாக்டர் தலை, முதுகு, கை, கால், சிறுநீரகம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனார். இதயத்தில் சொல்வதை நிறுத்தினார். கருவியை வைத்து அழுத்தி, என்னைத் திரும்பிப் படுக்கச் சொல்லி, மறுபடி பார்த்தார். குழந்தை படுத்திருக்கும் விதத்தால் தெளிவாகத் தெரியவில்லை, இதயத்துக்கென்று தனியாக ஒரு எக்கோ எடுத்துவிடுங்கள் என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். எக்கோவுக்கு இரண்டு வாரம் கழித்துத்தான் இடம் கிடைத்தது.

அந்த இரண்டு வாரமும் நான் படித்தேன். முதல் சில வாரங்களில் தாயின் உடல் வெப்பம் மிகவும் ஏறினால், அப்போது உருவாகிக்கொண்டிருக்கும் தண்டுவடத்திலோ இதயத்திலோ குறை வரும் வாய்ப்பு கூடலாம் என்று சில ஆய்வுகள் சொல்கின்றன. வெயில் காலத்தோடு அப்படித் தெளிவான தொடர்பு இல்லை என்று வேறு சில. கடும் காய்ச்சலைப் பற்றித் தெரிந்த அளவுக்கு வெயிலைப் பற்றித் தெரியவில்லை. கூடினாலும் அது சிறிய வாய்ப்பின் மேல் கூடும் இன்னும் சிறிய வாய்ப்பு. இதெல்லாம் படிக்கும்போது புரிகிறது. படுத்தால் புரிவதில்லை.

ஆனால் அதே பக்கங்களில்தான் இதயம் எப்படி உருவாகிறது என்றும் இருந்தது. முதலில் அது ஒரு குழாய். நேரான, மெல்லிய குழாய். அது துடிக்கத் தொடங்கிவிடுகிறது. துடித்துக்கொண்டே நீள்கிறது, இடம் போதாமல் வளைகிறது, தன்மேல் தானே மடிகிறது. மடிந்த குழாய்க்குள் சுவர்கள் எழும்பி அறைகள் பிரிகின்றன. ஒரு நொடிகூட நிற்காமல் இதெல்லாம் நடக்கிறது. நாங்கள் ஒரு சின்ன வால்வை மாற்றவே முழு இயந்திரத்தையும் நிறுத்தி, தண்ணீரை வடித்து, அறிவிப்புப் பலகை மாட்டுவோம். அந்தப் பத்தியைப் படித்துவிட்டு எழுந்து சமையலறைக்குப் போய்ச் சும்மா நின்றேன். இவ்வளவு பெரிய வேலை என் தொப்புளுக்குக் கீழே நடந்திருக்கிறது, நான் சில்லரைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

எப்போது நடந்தது என்று பார்க்க ஓர் அட்டவணை போட்டேன். ஒரு பக்கம் இதயம் உருவாகும் வாரங்கள், மறுபக்கம் மாடிக்குப் போன நாட்கள். பொருத்திப் பார்த்தால், மயக்கம் வந்த அந்த ஒரு நாள், எல்லாம் முடிந்த பிறகு வந்தது. இதயம் அதற்கு முன்பே கட்டி முடிந்திருந்தது. அன்று நன்றாகச் சாப்பிட்டேன். கணவரிடமும் காட்டினேன். அவருக்கு அதில் ஒன்றும் புரியவில்லை. என் முகத்தைப் பார்த்து நிம்மதியானார்.

மறுநாள் மெட்ரோவில் போகும்போது தப்பு தெரிந்தது. டாக்டர்கள் கர்ப்பத்தைக் கடைசியாக மாதவிலக்கு வந்த நாளிலிருந்து எண்ணுகிறார்கள். கரு வளர்ச்சியைச் சொல்லும் புத்தகங்கள் கரு உண்டான நாளிலிருந்து எண்ணுகின்றன. டாக்டர் கணக்கில் முதல் இரண்டு வாரம் குழந்தை என்று ஒன்றே கிடையாது, ஆனாலும் அது கணக்கில் இருக்கிறது. நான் ஒன்றின் வாரங்களை மற்றொன்றின் மேல் அப்படியே ஒட்டியிருந்தேன். எந்த அளவுகோலிலும் பூஜ்யம் எங்கே இருக்கிறது என்று முதலில் பார் என்று புதிதாக வருபவர்களுக்கு நான் சொல்வதுண்டு.

சரிசெய்தேன். அந்த மதியம், இதயத்தின் கீழ் அறைகளுக்கு நடுவே சுவர் எழும்பிக்கொண்டிருந்த வாரத்தில் போய் உட்கார்ந்தது.

இன்னொன்றும் அப்போதுதான் கண்ணில் பட்டது. வெளியே சொல்லாமல் வைத்திருந்த மாதங்களும் இதயம் கட்டப்பட்ட வாரங்களும் ஒன்றுதான். சொல்லலாம் என்று ஆன நாளில் அந்த வேலை முடிந்துவிட்டிருந்தது. எங்கள் வீட்டில் மட்டுமா? எனக்குத் தெரிந்த எல்லா வீடுகளிலும் அப்படித்தான்.

இதை என் கணவரின் அக்காவிடம் சொன்னேன். அவர்கள் ஊர் வழக்கப்படி நான் மைனி என்று கூப்பிடுவேன். நாகர்கோவில்காரர். டெல்லியில் ஒரு பெரிய மருத்துவமனையில் நர்ஸ். போனில் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “ஒனக்க அந்த எக்செல் சீட்டைத் தூக்கிக் குப்பையில போடு மக்ளே. எக்கோக்கு நான் வாறேன். எனக்க தம்பிப் பயலைக் கூட்டிட்டுப் போனேன்னா அவனைத் தூக்கிக் கட்டில்ல போடதுக்கு ஆள் வேணும்” என்றார்கள்.

எக்கோ அறைக்குள் ஒருவருக்குத்தான் அனுமதி. மைனி வந்தார்கள். கணவர் வெளியே உட்கார்ந்தார். குழந்தை ஆணா பெண்ணா என்று கேட்பதும் சொல்வதும் குற்றம் என்ற பலகை சுவரில் இருந்தது. டாக்டர் நடுவயதுப் பெண்மணி. “தோ மினிட் பாத் மத் கீஜியே” என்றார். இரண்டு நிமிடம் பேசாதீர்கள். இரண்டைவிட மிக அதிக நேரம் அவரும் பேசவில்லை, நாங்களும் பேசவில்லை.

திரை என் பக்கமும் திரும்பியிருந்தது. முதலில் சாம்பல் நிறத்தில் ஏதோ துடித்தது. பிறகு ஒரு பொத்தானை அழுத்தினார். நிறம் வந்தது. நம்மை நோக்கி வரும் ரத்தம் சிவப்பு, விலகிப் போவது நீலம். ஒரு திராட்சைப்பழம் அளவுதான் இருக்கும் அந்த இதயம். அதற்குள் நான்கு அறைகள். வால்வுகள் திறந்து மூடுவதைக் கண்ணால் பார்த்தேன். காகிதத்தைவிட மெல்லிய இரண்டு இதழ்கள் சேர்ந்தன, பிரிந்தன, சேர்ந்தன. நான் பம்புகளோடு வாழ்பவள். எவ்வளவு நல்ல பம்பிலும் ஒரு அதிர்வு, ஒரு கசிவு, ஒரு முனகல் இருக்கும். இது தன் வேலையில் அவ்வளவு ஆழ்ந்திருந்தது. நான் எதற்கு வந்தேன் என்பதையே சில நொடிகள் மறந்துவிட்டேன்.

பிறகு, நடுச்சுவரில் ஓர் இடத்தில், மெல்லிய நிறக்கோடு ஒன்று ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போனது. டாக்டர் சொல்லும் முன்பே எனக்குத் தெரிந்தது. கசிவு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

“கீழ் அறைகளுக்கு நடுவில் ஒரு சின்ன ஓட்டை” என்றார் டாக்டர். ஹிந்தியில் சொன்னதை இங்கே தமிழில் எழுதுகிறேன். “சுவரின் தசைப் பகுதியில் இருக்கிறது. மற்றதெல்லாம் நன்றாக இருக்கிறது. இந்த மாதிரி ஓட்டைகள் பெரும்பாலும் தானாகவே மூடிக்கொள்ளும். சில மூடாது. பார்த்துக்கொண்டே இருப்போம்.”

மைனி என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். நான் என் கேள்வியைக் கேட்டேன். ஜூனில் மாடியில் வேலை பார்த்தேன், ஒரு நாள் மயக்கம் வந்தது, அதனாலா?

டாக்டர் என் வயிற்றில் இருந்த பசையைத் துடைக்கக் காகிதம் கொடுத்தார். “எத்தனை பேருக்கு வருகிறது என்று கேட்டால் ஆராய்ச்சி ஏதாவது சொல்லும். உங்கள் குழந்தைக்கு ஏன் வந்தது என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது. குளிரில் கருத்தரித்தவர்கள், ஏசி அறையை விட்டு வெளியே வராதவர்கள், எல்லாருடைய குழந்தைகளிலும் இதைப் பார்த்திருக்கிறேன். அதற்காக வெயில் ஒன்றும் செய்யாது என்று சொல்லமாட்டேன். இந்த ஊரில் ஜூனில் கர்ப்பமாக இருந்தவர்களை எண்ணிப் பாருங்கள். அவ்வளவு பேரும் அந்த வெயிலில்தான் இருந்தார்கள்.”

நான் எண்ணிப் பார்த்தேன். அந்தச் சில்லர் நின்றுபோன மதியம், எதிரே கட்டிக்கொண்டிருந்த கட்டிடத்தில் பெண்கள் தலையில் செங்கல் சுமந்து ஏறிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் யார் வயிற்றில் என்ன வளர்ந்துகொண்டிருந்தது என்று யாருக்குத் தெரியும்? அவர்களுக்கே தெரிந்திருக்குமா? அந்த மதியம் முழுக்க, அந்த வெயிலுக்குள், எத்தனை குழாய்கள் மடிந்து இதயமாகியிருக்கும்! பெரும்பாலானவை எந்தக் கசிவும் இல்லாமல். கசிவு வந்ததைவிட இதுதான் எனக்கு ஆச்சரியமாகப்பட்டது. இன்றும் அப்படித்தான்.

வெளியே வந்ததும் என் கணவர் எழுந்து நின்றார். முகம் வெளிறியிருந்தது. மைனி விஷயத்தை அமைதியாகச் சொன்னார்கள். பிறகு, “லேய், மூஞ்சியத் தூக்கி வைக்காத. ஓட்டை தன்னால அடையும். பிள்ளைக்கு ஒனக்க மூக்கு வந்திருக்கு, அதுக்குத்தான் வைத்தியம் கெடையாது” என்றார்கள். அவர் சிரித்தார், உடனே அழுதுவிட்டார். நான் அடுத்த எக்கோவுக்குத் தேதி வாங்கப் போனேன்.

ஜனவரியில், மூடுபனி இறங்கிய ஒரு காலையில் பெண் குழந்தை பிறந்தது.

கருப்பையில் இருக்கும் எல்லாக் குழந்தையின் இதயத்திலும் மேல் சுவரில் ஒரு திறப்பு இருந்தே ஆக வேண்டும் என்று அதற்குள் படித்திருந்தேன். உள்ளே நுரையீரலுக்கு வேலை இல்லை. ரத்தம் அதைச் சுற்றிக்கொண்டு போக வழி வேண்டும். பிறந்து முதல் மூச்சை இழுத்ததும் ரத்தம் நுரையீரலுக்குள் பாய்கிறது, அழுத்தம் மாறுகிறது, அந்தத் திறப்பின் கதவு சாய்ந்து மூடிக்கொள்கிறது. அதுவரை அருகருகே ஓடிய இரண்டு பம்புகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடத் தொடங்குகின்றன. துடிப்பு நிற்பதில்லை. என் குழுவில் யாராவது இப்படி ஒரு வேலையை, ஓடும் இயந்திரத்தில், ஓர் அழுகை நேரத்துக்குள் செய்கிறேன் என்று வந்தால் கையெழுத்துப் போடமாட்டேன். அவள் அழுததைக் கேட்டபோது எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. கதவு சாய்ந்திருக்கும் என்று நினைத்தேன். கேட்டுக்கொண்டே படுத்திருந்தேன்.

அம்மா குழந்தையை வாங்கி, நெற்றியில் வாய் வைத்து, “எந்தங்கம், சில்லுன்னு இருக்காளே” என்று போர்வையை இழுத்துச் சுற்றினாள். மாடியில் நடந்ததை நான் அம்மாவிடம் சொன்னது அதற்கும் பல மாதம் கழித்து. “சொல்ல வேணாம்னு நாந்தானடி சொன்னேன்” என்றாள். அதனால் இல்லை என்று நான் சொல்லவில்லை. அதனால்தான் என்றும் சொல்லவில்லை. தெரியாதும்மா என்றேன். அதுதான் உண்மை.

வேலைக்குத் திரும்பியதும் ஒரு மாற்றம் கேட்டேன். மே மாதத்திலிருந்து மழை வரும்வரை, மாடிக்குப் போக முடியாது என்று யார் சொன்னாலும், ஆணோ பெண்ணோ, காரணம் கேட்கக்கூடாது. மேலாளர் தயங்கினார், எல்லாரும் சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று. எல்லாரும் சொல்கிற நாளில் யாரும் போகக்கூடாது என்றேன். இப்போது அது எழுத்தில் இருக்கிறது. போன சீசனில் புதிதாக வந்த ஒரு பெண் ஒரு முறை அப்படிச் சொன்னாள். யாரும் எதுவும் கேட்கவில்லை.

என் மகளுக்கு ஒன்றே முக்கால் வயது ஆகிறது. நடக்கிறாள், விழுகிறாள், கத்துகிறாள். ஓட்டை இன்னும் இருக்கிறது. போன எக்கோவில் முன்பைவிடச் சிறியதாகத் தெரிந்தது. மருந்து எதுவும் கிடையாது. எடை சரியாக ஏறுகிறது. தீபாவளி முடிந்ததும் அடுத்த எக்கோ. அது ஏன் வந்தது என்று எங்களுக்குத் தெரியாது.